பெயர் தமிழில், பூட்டு யார் கையில்?

‘வீடியோ’ என்றிருந்ததைக் ‘காணொளி’ என்றாக்கினோம். ‘பிரௌசர்’ என்றிருந்ததை ‘உலவி’ என்றாக்கினோம். ‘இன்டர்நெட்’ ‘இணையம்’ ஆயிற்று. நற்பணி. அதனை இகழ்வார் தமிழின் நலம் நாடாதவரே. முப்பதாண்டுகளாகத் தமிழ் கற்பித்து வரும் யானும் அப்பணிக்கு என்னாலியன்ற கல்லைச் சுமந்தவன்.

ஆயினும் இன்று நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்ள வேண்டும். பெயரைத் தமிழாக்கிய நாம், அப்பெயருக்குரிய பொருளை ஆளுகின்றோமா? வாயிலில் தமிழ்ப் பெயர்ப்பலகையைத் தொங்கவிட்டு, வீட்டின் திறவுகோலை அயலான் மடியில் விட்டு வைத்திருப்பவன் வீட்டுக்கு உரியவனா, அன்றிக் குடிக்கூலிக்கு இருப்பவனா? சொல்லை மீட்டதோடு கடமை முடிந்ததென்று உறங்குவோமாயின், மீட்ட சொல்லும் ஒருநாள் பூட்டிய பெட்டிக்குள் கிடந்து மாளும். இஃது அச்சுறுத்தலன்று, யான் பட்டறிந்த உண்மை.

அழிந்த பாடமும் பிழைத்த குரலும்

2012ஆம் ஆண்டு, யான் பணியாற்றும் பள்ளிக்கு ஒரு நிறுவனத்தார் வந்தனர். இலக்கணப் பாடங்களை அசையும் படங்களாக்கித் தருவதாகச் சொல்லினர். அவர்களிடம் கருவி இருந்தது, தமிழ் இல்லை. எட்டுத் திங்கள் மாலைப்பொழுதெல்லாம் அமர்ந்து, புணர்ச்சி இலக்கணத்தை இருபத்திரண்டு பாடங்களாகப் பகுத்தெழுதிக் கொடுத்தேன். மெய்யின்மேல் உயிர் வந்து ஏறுவதைப் பிள்ளைகள் கண்ணாற் கண்டார்கள். உயிர் வரக் கண்ட குற்றியலுகரம் தன் மெய்யை விட்டுவிட்டு ஓடுவதைக் கண்டு சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நூற்பாவை நெஞ்சிலிருத்தினார்கள்.

அப்பாடங்கள் ‘பிளாசு’ என்னும் வடிவத்தில் ஒரு வட்டிலே தரப்பட்டன. அவற்றைத் திருத்தவும் மாற்றவும் வேண்டிய முதற்கோப்புகளை நிறுவனத்தார் தரவில்லை. அவற்றைக் கேட்டுப் பெற வேண்டுமென்பது எமக்கும் தெரியவில்லை. சில ஆண்டுகளில் அந்நிறுவனமே இல்லாமற் போயிற்று. பிளாசு இயக்கியை 2020 திசம்பர் 31ஆம் நாளோடு நிறுத்துவதாக, அதன் உரிமையாளராகிய அடோபி நிறுவனம் 2017 சூலையிலேயே உலகறியச் சொல்லியிருந்தது. சொன்னபடியே நிறுத்திற்று. 2021 சனவரி 12 முதல் அவ்வியக்கி எதனையும் ஓட்ட மறுத்தது. கொரோனாத் தொற்றால் பள்ளிகள் மூடிக் கிடந்த காலம் அது. பிள்ளைகளுக்கு அப்பாடங்கள் என்றையினும் மிகுதியாகத் தேவைப்பட்ட காலம். வட்டைத் திறந்தால் வெறுந்திரை!

அடோபியை யான் நொந்துகொள்ளவில்லை. தன் கடையைத் தான் மூடிற்று. மூன்றாண்டுக்கு முன்னரே அறிவித்தும் மூடிற்று. பிறனுடைய கடையில் நம் நெல்லைக் கொட்டி வைத்துவிட்டுத் திறவுகோலைப் பற்றிக் கேளாதிருந்த குற்றம் எம்முடையது. பின்னாளில் பழைய மாணவர் ஒருவர், கட்டற்ற மென்பொருளாளர் இயற்றிய ‘ரஃபிள்’ என்னும் கருவியைக் கொணர்ந்தார். பழைய பிளாசுக் கோப்புகளை இன்றைய உலவியில் ஓட்டிக் காட்டும் கருவி அது. பாதிப் பாடங்கள் உயிர்பெற்றன, மறுபாதி பெறவில்லை.

இனி, இரண்டாவது நிகழ்ச்சி. இளமையில் முத்துக் குளித்தும் பின்னர்ச் சங்கு குளித்தும் வாழ்ந்த முதியவர் ஒருவரை எம் மாணவர் 2018இல் தம் பேசியிற் படம் பிடித்தனர். கடலடிப் பார்களின் பெயர், வாடைக்கும் கொண்டலுக்கும் கச்சானுக்கும் நீர் எவ்வாறு திரியும் என்னும் அறிவு, மூச்சடக்கும் முறை ஆகிய யாவும் அவர் வாய்மொழியில் இருந்தன. அகராதியிற் காணாத சொற்கள் அவற்றுள் பல. அவர் மறைந்த பின்னர் அப்படத்தைப் பள்ளிக் கணினியில் திறந்தோம். ஒலி வந்தது, படம் வரவில்லை. ‘இதனைக் காண வேண்டுமாயின் இன்ன நீட்சியை விலைக்கு வாங்குக’ என்று ஓர் அறிவிப்புத் தோன்றிற்று. தமிழ்க் கடலின் அறிவைத் தமிழ்ப் பிள்ளைகள் தம் கையாற் பதிந்து வைத்திருக்க, அதனைத் தமிழாசிரியன் காண்பதற்கு யாருக்கோ சுங்கம் செலுத்த வேண்டுமாம்! முதற்கோப்பை அழிக்காமல் வைத்திருந்த ஒரு மாணவியின் முன்னெச்சரிக்கையால் அதனைத் திறந்த வடிவத்திற்கு மாற்றிக்கொண்டோம். அக்குரல் பிழைத்தது.

முன்னது அழிந்தது, பின்னது பிழைத்தது. இரண்டிற்கும் வேறுபாடு யாது? முதற்கோப்பு நம் கையில் இருந்ததும் இல்லாததுமே. பிறிதொன்றுமன்று.

சிப்பி வேறு; முத்து வேறு

இதன் நுட்பத்தைக் கடற்கரையார்க்கு விளங்கும்படி சொல்வேன். சிப்பி வேறு, உள்ளிருக்கும் முத்து வேறு. கோப்புப் பெயரின் இறுதியில் ‘எம்.பி.4’ என்றோ ‘வெப்எம்’ என்றோ காணப்படுவது சிப்பி. அது வெறுங் கொள்கலம். அதனுள்ளே படத்தை ஒரு குறிமுறையும் ஒலியை மற்றொரு குறிமுறையும் சுருக்கி அடைத்திருக்கும், அஃதே முத்து. சுருக்காமல் வைத்தால் என்னாகும்? 1920க்கு 1080 புள்ளிகள் கொண்ட படம் நொடிக்கு 25 வீதம் ஓடுமாயின், நொடியொன்றுக்கு ஏறத்தாழ 155 மெகாபைட்டு வேண்டும். ஒரு நிமையக் காட்சி ஒன்பது கிகாபைட்டை விழுங்கும். எனவே, சுருக்கும் குறிமுறையின்றிக் காணொளி இல்லை. சுருக்கியதை விரித்துக் காட்ட அதே குறிமுறை உலவியிலும் இருத்தல் வேண்டும். குறிமுறை எவன் கையிலோ, காட்சியின் கடிவாளமும் அவன் கையில்.

2003இல் தரப்படுத்தப்பட்ட ‘எச்.264’ இவற்றுள் மிகப் பரவியது. தொழில்நுட்பத்தில் அது சிறந்தது, அதனை மறுப்பாரில்லை. ஆனால் அதனைப் பல நிறுவனங்களின் காப்புரிமைகள் சூழ்ந்திருந்தன. அவற்றைத் திரட்டி உரிமம் வழங்கிக் கட்டணம் தண்டியது ‘எம்பெக் எல்.ஏ.’ என்னும் அமைப்பு. பின்வந்த ‘எச்.265’ இன்னும் மோசம். ஒன்றன்று, பல திரட்டுகள் தனித்தனியே கட்டணங் கேட்டன. எம் முதியவரின் குரல் அடைபட்டுக் கிடந்தது இந்தச் சிப்பிக்குள்தான்.

கொடையா? தூண்டிலா?

2007இல், வலைப்பக்கத்திலேயே காணொளியை நேராக இயக்கும் முறையை ‘ஓபரா’ உலவியார் முன்மொழிந்தனர். செருகுநிரல் வேண்டா என்பது அதன் சிறப்பு. எல்லா உலவியும் ஏற்க வேண்டிய பொது வடிவமாகத் ‘தியோரா’ என்னும் கட்டற்ற வடிவத்தை அக்காலத்து எச்.டி.எம்.எல்.5 வரைவு பரிந்துரைத்தது. நோக்கியாவும் ஆப்பிளும் மறுப்புரைக்க, 2007 திசம்பரில் அப்பரிந்துரை நீக்கப்பட்டது. 2009இல், ‘எல்லாரும் ஒப்பும் வடிவம் இல்லை’ என்று வரைவாசிரியர் கைவிரித்தார். அவ்வாண்டு சூன் திங்களில் வெளிவந்த பயர்பாக்சு 3.5 தியோராவைத் தாங்கி நின்றது. 2010 மே திங்களில் கூகுள், தான் விலைக்கு வாங்கிய ‘வி.பி.8’ குறிமுறையைத் திறந்துவிட்டு ‘வெப்எம்’ வடிவத்தை அறிவித்தது.

உடனே நிகழ்ந்ததைக் கேளுங்கள். 2010 ஆகசுடில் எம்பெக் எல்.ஏ. ஓர் அறிவிப்புச் செய்தது: காண்பார்க்கு விலையின்றிக் காட்டப்படும் இணையக் காணொளிக்கு என்றென்றும் கட்டணம் இல்லையாம்! ஆனால், அதனை உருவாக்கும் கருவிக்கும் விரித்துக் காட்டும் கருவிக்கும் கட்டணம் உண்டு.

தூத்துக்குடி மண்ணில் பிறந்தவனுக்கு இக்கதை புதிதன்று. 1906 அக்டோபரில் வ.உ.சிதம்பரனார் ‘சுதேசி நாவாய்ச் சங்கம்’ கண்டார். ‘காலியா’, ‘இலாவோ’ என்னும் கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே நம்முடைய கப்பல்களாக ஓடின. வெள்ளையரின் கப்பல் நிறுவனம் என்ன செய்தது? கட்டணத்தைக் குறைத்தது, பின்னர்க் கட்டணமே வேண்டா என்றது, ஏறுவார்க்குக் குடையும் கொடுத்தது. குடை வாங்கியவன் அன்று கணக்கில் வென்றான். 1908 மார்ச்சில் சிதம்பரனார் சிறைப்பட்டார். அவர் சிறையில் இருக்கையிலேயே சங்கம் கலைந்தது. கப்பல் போயிற்று. குடை எத்தனை மழைக்குத் தாங்கிற்று?

விலையில்லாக் கொடை வேறு, உரிமை வேறு. கொடுப்பவன் மனம் மாறும்வரை நிற்பது கொடை. எவன் மனம் மாறினும் நிற்பது உரிமை. காண்பவனுக்கு விலையின்மை, செய்பவனுக்கு விடுதலையாகாது. இணையத்தில் நாம் என்றும் காண்பவராகவே இருப்பதாயின் அக்குடை போதும். செய்பவராகவும் காப்பவராகவும் எழ வேண்டுமாயின், கப்பல் நம்முடையதாதல் வேண்டும்.

அந்தப் போர் எவ்வாறு முடிந்தது? தன் குரோம் உலவியிலிருந்து எச்.264ஐ நீக்குவதாக 2011 சனவரியில் கூகுள் முழங்கிற்று, நீக்கவேயில்லை. தனித்து நின்ற மொசில்லா 2012இல் தளர்ந்தது. 2013இல் சிசுகோ நிறுவனம் உரிமக் கட்டணத்தைத் தானே செலுத்தி, ஓர் எச்.264 நிரலைப் பிறர்க்கு வழங்க முன்வந்தது. ஆனால், கட்டணத்தினின்றும் காப்புப் பெற வேண்டுமாயின் அந்நிரலைச் சிசுகோவிடமிருந்தே இறக்கிக்கொள்ளல் வேண்டும். மூல நிரல் திறந்ததுதான். ஆயினும் தானே தொகுத்துக்கொள்பவனுக்கு அக்குடை இல்லை! திறந்த கதவின் முன் நிற்கும் காவலாள் இவன்.

ஆயினும் எல்லாரும் பணிந்துவிடவில்லை. விக்கிப்பீடியாவின் பொதுப் படக்கிடங்காகிய விக்கிமீடியா பொதுவகத்தில் எம்.பி.4 காணொளியை ஏற்கலாமா என 2014இல் பங்களிப்பாளர்களிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ‘வேண்டா’ என்றனர். தமிழ் விக்கிப்பீடியாவுக்குக் காணொளி தரும் தமிழரும் இன்றுவரை திறந்த வடிவத்திலேயே தருகின்றனர். சிறிது தொல்லைதான், ஆனால் அக்கிடங்கின் திறவுகோல் எவன் மடியிலும் இல்லை. கூகுள், மொசில்லா, சிசுகோ முதலியோர் 2015இல் கூடி, 2018இல் வெளியிட்ட ‘ஏ.வி.1’ என்னும் கட்டணமில்லாக் குறிமுறை இன்று பெரிய காணொளித் தளங்களிலேயே ஓடுகின்றது. அதன்மேலும் சிலர் காப்புரிமை கோரி எழுந்துள்ளனர் என்பதையும் மறைக்காமற் சொல்கின்றேன். விழிப்பு ஒருநாட் கடமையன்று.

உலவி யாருக்கு ஏவலாள்?

வடிவத்தைப் போலவே உலவியும். உலவி என்பது என் கணினியில், என் மின்னாற்றலில், என் கண்ணுக்காக இயங்கும் ஏவலாள். அவ்வேவலாள் எனக்குத் தெரியாமற் பிறனிடம் கூலி வாங்கலாமா?

2017 செப்டம்பரில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு ஒரு பரிந்துரையை நிறைவேற்றிற்று. பூட்டிய காணொளியை உலவிக்குள் ஓட்ட, மூடிய நிரலுக்கு இடந்தரும் வழிமுறை அது. அந்நிரல் என் கணினியில் என்ன செய்கின்றது என்பதை யான் திறந்து பார்க்க முடியாது. அதனை எதிர்த்து, மின்னணு எல்லைப்புற அறக்கட்டளை அக்கூட்டமைப்பினின்றும் வெளியேறிற்று. ஒருவன் தன் நூலுக்கு விலை கேட்பதை யான் மறுக்கவில்லை. நூலை விற்றபின், அதனை யான் எவ்வாறு படிக்கின்றேன் என்று பார்க்க என் வீட்டில் ஓர் ஆளைக் குடியிருத்துவதையே மறுக்கின்றேன்.

கேட்காமலே ஓடி ஓலமிடும் காணொளிகளை எண்ணிப் பாருங்கள். மக்கள் சலித்துக் குரலெழுப்பிய பின்னரே 2018இல் குரோமும் 2019இல் பயர்பாக்சும் அவற்றுக்குக் கடிவாளமிட்டன. குரல் எழுப்பினால் நடக்கும் என்பதற்கு இது சான்று. மற்றொன்று: குரோம் உலவி தன் நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியதால், விளம்பரத்தையும் வேவையும் தடுக்கும் புகழ்பெற்ற தடுப்பானொன்று 2024 முதல் அதில் முழு ஆற்றலோடு இயங்க இயலாதாயிற்று. விளம்பரத்தால் வாழும் நிறுவனத்தின் உலவி, விளம்பரத் தடுப்பானின் கையைக் கட்டுவதில் வியப்பென்ன? உலவிகளின் பெயர் பலவாயினும் பொறி சிலவே. 2020 முதல் மைக்குரோசாப்டின் ‘எட்சு’ உலவியும் கூகுள் குரோமின் அடிப்படைப் பொறியிலேயே ஓடுகின்றது. பயர்பாக்சு தனிப்பொறியுடையது, தமிழ் முகப்போடும் கிடைக்கின்றது.

எதிர்ப்புரைக்கு விடை

‘எல்லாம் அயலான் செய்ததுதானே? தியோராவும் ஏ.வி.1உம் தமிழன் கண்டவையா?’ என்பாருளர். இல்லை. அச்செழுத்தும் தமிழன் கண்டதன்று. இங்கிருந்து எட்டுந் தொலைவிலுள்ள புன்னைக்காயலில் 1586இல் ‘அடியார் வரலாறு’ அச்சேறியது அயற்குரவர் முயற்சியால். ஆனால் எழுத்து வார்க்கும் முறையைக் கற்றபின் தமிழன் தானே வார்த்தான், தானே அச்சிட்டான், ஒவ்வொரு படிக்கும் எவனிடமும் இசைவு கேட்கவில்லை. ஓலைச்சுவடியைப் படியெடுக்கப் பனையேறியிடம் ஒப்பம் பெற்றோமா? பிறந்த இடம் அயலாயினும் கையாளும் உரிமை நமதாயின் அது நம் கருவி. உள்ளூரிலேயே பிறந்ததாயினும் பூட்டியதாயின் அது தளை.

‘இப்போது எல்லாம் ஓடுகின்றதே, வீண் கூச்சல் எதற்கு?’ என்பாருமுளர். 2020இல் பிளாசும் ஓடிற்று. எம் பாடங்களும் ஓடின. 

‘காப்புரிமை மேலைநாட்டுச் சிக்கல்’ என்பார்க்கு ஒரு சொல். 1970ஆம் ஆண்டு இந்தியக் காப்புரிமைச் சட்டம், தன் 3ஆம் பிரிவில், கணினி நிரலை நிரல் என்ற அளவில் காப்புரிமைக்கு உரியதாகக் கொள்வதில்லை. நன்று. ஆனால் நாம் ஆளும் உலவியும் பேசியும் எந்நாட்டில் உருவாகின்றனவோ, அந்நாட்டுச் சட்டத்தின் நிழல் அவற்றோடு கப்பலேறி வருகின்றது.

இப்பாடத்தைத் தமிழர் முன்னரே ஒருமுறை படித்துள்ளோம் என்பதை மறவாதீர். கணினித் தமிழின் தொடக்கத்தில் எழுத்துரு விற்பவன் ஒவ்வொருவனும் தனித்தனிக் குறியேற்றம் வைத்தான். ஓரிடத்தில் தட்டச்சிட்ட கட்டுரை மற்றோரிடத்தில் புள்ளியும் கீறலுமாய்ப் புலம்பிற்று. எழுத்துரு போனால் எழுதியதும் போயிற்று. 1999இல் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடிப் பொது ஒழுங்குக்கு முயன்றது. 2010இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும் ‘தேசு-16’ என்னும் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக ஏற்றது. இன்று கொழும்பிலும் கோலாலம்பூரிலும் சாயர்புரத்திலும் ஒரே கோப்பு ஒரே தமிழாய்த் திறக்கின்றது. எழுத்துக்குச் செய்ததைக் காட்சிக்குச் செய்ய இயலாதா? இயலும், எண்ணமே வேண்டும்.

செய்ய வேண்டுவன

ஒன்று. பாடமோ பேச்சோ முதியோர் வாய்மொழியோ, பதிந்த முதற்கோப்பை ஒருநாளும் அழியாதீர். ஒவ்வொரு மாற்றத்திலும் காட்சி சிறிது தேயும். மாற்றியதை மீண்டும் மீண்டும் மாற்றாமல், முதற்கோப்பிலிருந்தே புதுப்படி எடுங்கள். இரண்டு வட்டுகளில், இரண்டு இடங்களில் வையுங்கள்.

இரண்டு. பொதுப்படியை ‘வெப்எம்’ கொள்கலத்தில், வி.பி.9 அல்லது ஏ.வி.1 காட்சியோடும் ‘ஓபசு’ ஒலியோடும் உருவாக்குங்கள். ‘எப்.எப்.எம்பெக்’ என்னும் கட்டற்ற கருவி இதனை விலையின்றிச் செய்யும். எவ்வடிவத்தையும் திறந்து காண ‘வி.எல்.சி.’ உண்டு.

மூன்று. பள்ளிக்கோ மன்றத்திற்கோ எவரேனும் பாடங்கள் செய்து தருவாராயின், முதற்கோப்புகளையும் திறந்த வடிவப் படியையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவனிடம் வேலை கொடாதீர்.

நான்கு. கணினியோடு வந்த உலவியே தலைவிதி என்று கொள்ளாதீர். வேறொன்றை நிறுவி அதனை இயல்பு உலவியாக்குங்கள். அமைப்புப் பக்கத்தைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். தானே ஓடும் காணொளியைத் தடுங்கள். பயர்பாக்சில், பூட்டிய உள்ளடக்கத்தை ஓட்டலாமா என்று கேட்கும் தெரிவு ஒன்றுண்டு. அதனை இடுவதோ எடுப்பதோ உங்கள் முடிவாக இருக்கட்டும்.

ஐந்து. தமிழமைப்புகளும் கல்வித்துறையும் வெளியிடும் காணொளிப் பாடங்கள் அனைத்தும் திறந்த வடிவத்தில் இறக்கிக்கொள்ளக் கிடைத்தல் வேண்டுமென எழுதுங்கள், கேளுங்கள், விடாது கேளுங்கள். 2007இல் எல்காட் நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளை லினக்சுக்கு மாற்றிக் காட்டிற்று. மனமிருந்தால் தமிழ்நாட்டில் நடக்கும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

தமிழன்பர்களே! அம்முதியவர் மூச்சடக்கி மூழ்கும்போது அவர் உயிர் ஒரு கயிற்றில் இருந்தது. அக்கயிற்றை மேலே பிடித்திருப்பவன் யார் என்று பாராமல் அவர் ஒருநாளும் கடலில் இறங்கியதில்லையாம். அப்படத்தில் அவரே சொல்கின்றார். நாமோ நம் பாட்டையும் பேச்சையும் பாடத்தையும் நாள்தோறும் இணையக் கடலில் இறக்குகின்றோம். கயிறு யார் கையில் என்று ஒருநாளேனும் பார்த்தோமா?

பாருங்கள். இன்றே பாருங்கள். கயிற்றை நம் கையில் வாங்குங்கள்!